ஒரு வார்மருக்குத் தெரிய வேண்டாதவை

ஜூன் 3, செவ்வாய்

ஒரு மெஷினுக்கு எவ்வளவு தெரியாமல் இருந்தால் போதும்?

கேட்டவர் தீபன், எங்கள் முதலாளி. போன வருடம்வரை முதலாளியின் மகன். தலை நரைத்தவளிடம் பதில் இருக்கும் என்று நினைத்து என் மேசை முன்னால் காத்து நின்றார். நரைத்தது வேறு காரணங்களால்.

விஷயம் இதுதான். கணபதி என்கிற ஏரியாவில் ஒரு ஷெட்டுக்குள் உட்கார்ந்து, குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் செய்கிறோம். மேலே ஹீட்டர், கீழே குட்டி மெத்தை, குழந்தையின் வயிற்றில் ஒட்டுவதற்கு ஒரு சென்சார், இவற்றை மேய்க்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு. கரண்ட் போய் வந்தால் அந்த போர்டு மறுபடி எழுந்திருக்க முக்கால் நிமிடம் ஆகிறது. அதுவரை ஹீட்டர் எரியாது, அலாரமும் அடிக்காது. ஈரோட்டில் பெரிய மருத்துவமனை ஒன்று தன் கிளைகள் எல்லாவற்றுக்கும் வார்மர் வாங்கப்போகிறது. பத்து நொடிக்குள் எழ வேண்டும் என்பது நிபந்தனை. பத்தொன்பதாம் தேதி கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

தாமதம் கெர்னலில். சிப்புக்கும் மற்ற புரோகிராம்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற மேனேஜர்தான் கெர்னல். யார் கண்ணிலும் படாது, ஆனால் அதைக் கேட்காமல் ஒன்றும் நகராது. சிப் செய்கிற கம்பெனி கொடுத்த கெர்னலுக்கு உலகத்திலுள்ள சகலமும் தெரியும். ஜாய்ஸ்டிக் தெரியும். டிவி ரிமோட் தெரியும். இருபது வருடத்துக்கு முன்னால் தைவானில் யாரோ விற்ற ஸ்கேனர் தெரியும். எழும்போது ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்ததுக்குப் போகும். குழந்தை அதுவரை காத்திருக்க வேண்டும்.

"வெட்டுங்க மேடம். நமக்கு வேண்டாததெல்லாம் தூக்கிருங்க," என்றார் தீபன்.

"எது வேண்டாததுன்னு தெரியணுமே."

"அதுக்குத்தானுங்க நீங்க இருக்கீங்க."

எதிர் மேசையில் ஜெரால்ட் சிரிக்காமல் சிரித்தார். அவர் ஹார்டுவேர், ஊர் தெற்கே நாசரேத் பக்கம். பதினோரு வருடமாக ஒரே அறையில், ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்லி இருவரும் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 5, வியாழன்

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்றார்.

ஜாய்ஸ்டிக், ரிமோட், ஸ்கேனர் எல்லாம் போயாயிற்று. இந்த வேலையில் ஓர் அற்ப சுகம் இருக்கிறது. ஊருக்குப் போயிருக்கிற நாத்தனாரின் பீரோவை ஒழிப்பது மாதிரி. எனக்கு நாத்தனார்கள் இருந்த காலம் கொஞ்சம்தான், ஆனாலும் அந்த பீரோ ஞாபகம் இருக்கிறது.

மதியம் அலாரம் ஊமையாகிவிட்டது. எல்லாம் வேலை செய்கிறது, கத்த மட்டும் மாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரம் ஜெரால்டின் சாலிடரிங்கைச் சந்தேகப்பட்டேன். அவர் அலாரத்தின் பஸ்ஸரைக் கழற்றி, நேராக பேட்டரியில் தொட்டுக்காட்டினார். கட்டடமே அதிர்ந்தது.

"என் பிள்ள நல்லாத்தான் கத்துது. உங்க வீட்டுல என்னன்னு பாருங்க மேடம்."

பார்த்தேன். கத்துகிற பஸ்ஸரை, கெர்னலை எழுதிய மகானுபாவர்கள் கீபோர்டு, மவுஸ் இருக்கும் அறையில் வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து கட்டளை வாங்கும் பொருள்களின் அறையில், "இதர" என்ற தட்டில். நான் அந்தத் தட்டை அப்படியே கொட்டிவிட்டேன். திருப்பி வைத்ததும் கத்தியது.

ஜெரால்டிடம், "ஆமாம், என் பக்கம்தான்," என்றேன். அவர் காலண்டரில் இன்றைய தேதியைச் சுற்றி வட்டம் போட்டார்.

ஜூன் 6, வெள்ளி

பிளம்பர் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

வெளியே சாரல். ஷெட்டில் எல்லோரும் ஸ்வெட்டர் தேடுகிறார்கள். நான் மட்டும் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருக்கிறேன். உடம்புக்குள் யாரோ ஸ்விட்ச் போடுகிறார்கள், ஐந்து நிமிடத்தில் அணைக்கிறார்கள். டாக்டர், இது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்றார். எல்லோருக்கும் வருவது என்பதால் எனக்கு வியர்ப்பது குறையவில்லை. குழந்தைகளின் சூட்டை அரை டிகிரி பிசகாமல் வைத்திருக்கும் மெஷினுக்குக் கெர்னல் எழுதுகிறவளின் நிலைமை இது.

டீ குடித்துவிட்டு வந்தபோது மேசை விசிறி என் பக்கம் திரும்பியிருந்தது. யாராவது போகிற போக்கில் இடித்திருப்பார்கள்.

நல்ல செய்தி: இன்று எட்டு நொடியில் எழுந்துவிட்டது. வெட்டியதில் கிடைத்தது பாதி. மீதி கிடைத்தது வாயை மூடியதில். கெர்னல் எழும்போது தான் செய்வதையெல்லாம் வரி வரியாக அறிவித்துக்கொண்டே எழும். இந்தக் கடிகாரத்தைப் பார்த்தேன், அந்த நினைவகத்தை எண்ணினேன் என்று. அதை ஒரு மெதுவான கம்பி வழியாக வெளியே அனுப்பும். வார்மருக்குள் அந்தக் கம்பியின் மறுமுனையில் யாருமே இல்லை. இத்தனை வருடமாகச் சுவரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. சும்மா இரு என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். இருந்தது.

தீபன் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கித் தந்தார். "மேடம், சூப்பருங்க. இனி ஆர்டர் நமக்குத்தான்." ஜெரால்ட் தன் பன்னில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்துவிட்டு, சர்க்கரை இருக்கிறதாம், டாக்டர் வேண்டாம் என்றாராம் என்றார். அவருக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியாது.

ஜூன் 11, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

காலையில் ஒரு டம்ளர் வெந்நீரில் சென்சாரைத் தொங்கவிட்டிருந்தேன். திரையில் 36.5. சரியான எண். பிறகு வெந்நீரைக் கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீர் நிரப்பி, மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். எட்டு நொடியில் எழுந்தது. திரையில் 36.5.

விரலை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது.

மறுபடி அணைத்துப் போட்டேன். 25.8. மறுபடி, 25.8. அதற்குப் பிறகு மாலைவரை வெந்நீரும் தண்ணீருமாக மாற்றி மாற்றி அணைத்துப் போட்டும், சில்லென்ற தண்ணீரில் 36.5 திரும்ப வரவில்லை.

எப்படி வந்திருக்கும் என்பது தெரியும். ஏன் வந்தது என்பதுதான் தெரியவில்லை. சென்சார் பதில் சொல்லாவிட்டால் கடைசியாகத் தெரிந்த எண்ணையே காட்டு என்று மேலே இருக்கும் புரோகிராமில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தீபனின் யோசனை. "ஸ்கிரீன்ல கோடு கோடா வந்தா கஸ்டமர் பயந்துக்குவாங்கங்க" என்று போன வருடம் சேர்க்கச் சொன்னார். ஆக, அந்த ஒரு முறை சென்சார் வாயைத் திறக்கவில்லை. வார்மர் பழைய எண்ணைக் காட்டிவிட்டு, சூடு போதும் என்று ஹீட்டரை அணைத்தே வைத்திருந்தது.

டம்ளருக்குப் பதில் குழந்தை இருந்திருந்தால், அது குளிர்ந்துகொண்டே போயிருக்கும். திரை எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கும்.

ஜூன் 12, வியாழன்

ஜெரால்டிடம் சொன்னேன்.

"எத்தன தடவ வந்துச்சு?"

"ஒரு தடவை."

"ஒரு தடவைன்னா அது கண் மயக்கம் மேடம்."

"கண்ணாடி போன மாசம்தான் மாத்தினேன்."

"அப்ப கண்ணாடி மயக்கம்." பிறகு கொஞ்சம் கோபமாக, "இவ்வளவு நாளும் ஒழுங்கா ஓடுன மிஷின். நீங்க கத்திரிய எடுத்தீங்க, இப்பம் நோவு வருது. யார் பக்கம்னு நா சொல்லணுமாக்கும்?"

நியாயமான கேள்வி.

கெர்னல் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக அதன் வாயை மறுபடி திறந்துவிட்டேன். வரி வரியாக அறிவித்துக்கொண்டு எழுந்தது. சென்சார் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னது. வாயை மூடினேன். வெந்நீரும் தண்ணீருமாக நெடுநேரம் மாற்றிப் பார்த்த பிறகு, ஒரே ஒரு தடவை, சில்லென்ற தண்ணீரில் 36.5. மறுபடி திறந்தேன். சமர்த்தாக இருந்தது. கேமரா வைத்தால் மட்டும் ஒழுங்காகப் படிக்கிற பிள்ளை.

ஜூன் 13, வெள்ளி

பிளம்பர் வந்தார். வாஷர் இல்லை என்று போனார்.

ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது. பின் இருக்கையில் ஒரு அம்மாள் போனில் பேசிக்கொண்டே வந்தார். ஆர்.எஸ்.புரத்தில் ஆரம்பித்தவர் கணபதிவரை நிறுத்தவில்லை. யாரையோ காத்திருக்கவைப்பதற்காகப் பேசுகிறார் என்று தோன்றியது. "இந்தா வந்துட்டேன், இந்தா இறங்கிட்டேன்" என்று.

எங்கள் கெர்னலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. மின்சாரம் வந்ததும் சென்சார் சிப் விழிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். முன்பெல்லாம் கெர்னல் வளவளவென்று பேசி முடிப்பதற்குள் அது விழித்திருக்கும். நான் வாயை மூடியதும் கெர்னல் சீக்கிரமே போய்க் கதவைத் தட்டிவிடுகிறது. சிப் பெரும்பாலும் விழித்திருக்கிறது. எப்போதாவது விழிக்கவில்லை. வார்மர் இத்தனை வருடம் ஒழுங்காக ஓடியது அதன் வெட்டிப் பேச்சால். எங்கள் திறமைக்கு அதில் பங்கில்லை.

ஜெரால்ட் கவனமாகக் கேட்டார். சிப்புக்கு மின்சாரம் மெதுவாக ஏறுவதற்குக் காரணம், அதன் காலடியில் அவர் வைத்த, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டர். அதை நான் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் விசிறியைப் பார்த்தேன்.

"கரண்ட்ல நாய்ஸ் வருதுன்னு வச்சேன்," என்றார்.

"தெரியும்."

"அத எடுத்தா நம்பர் ஆடும்."

"எடுக்கச் சொல்லலையே."

"சொல்லலதான். பார்க்கீங்கல்லா."

ஜூன் 16, திங்கள்

தீபனிடம் போனேன். தனியாக. கெர்னல், சிப் எல்லாம் விட்டுவிட்டு டம்ளர் கதையை மட்டும் சொன்னேன்.

"நூத்துல ஒருக்கா வருமுங்களா?"

"அதைவிடக் குறைவா. ஆனா வரும்."

"மேடம், நூத்துல ஒருக்கா என் காரே ஸ்டார்ட் ஆகறதில்லீங்க."

"உங்க கார் ஸ்டார்ட் ஆகலைன்னா உங்களுக்குத் தெரியும். அது ஓடுற மாதிரி நடிக்காது."

கொஞ்சம் யோசித்தார். கெட்ட பையன் இல்லை. கடன் வாங்கின மாதிரி எப்போதும் ஒரு அவசரம், அவ்வளவுதான். "இது ஹார்டுவேர் ப்ராப்ளமுங்களா, சாப்ட்வேருங்களா? ஹார்டுவேர்னா சொல்லீருங்க. ஷென்சென்ல ரெடிமேடா போர்டு வருது. அப்பா காலத்து ஆளுங்கன்னு நானும் இழுத்துட்டே இருக்கறேன். ஜெரால்ட் சாருக்கும் வயசாச்சு."

ஜெரால்டுக்கு என்னைவிட மூன்று வயது அதிகம்.

"சாப்ட்வேர்," என்றேன்.

"அப்ப நீங்களே சரி பண்ணீருங்க."

"பண்றேன். ஆனா சென்சார் பேசலைன்னா பழைய நம்பர் காட்டக் கூடாது. கோடு வரணும், அலாரம் அடிக்கணும்."

"டெமோல அலாரம் அடிச்சா மானம் போயிருமுங்க!"

"அப்ப மெஷினோட சேஃப்டி சர்ட்டிஃபிகேட்ல கையெழுத்தை வேற யாராவது போடட்டும்."

இதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை. முகம் மட்டும் தீயாக எரிந்தது. அவர் பயந்துவிட்டார். கோபம் என்று நினைத்திருப்பார். ஸ்விட்ச் போட்ட நேரம் அப்படி. முதன்முறையாக அது ஒரு வேலைக்கு உதவியது.

ஆனாலும் அவர் சரி என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

செய்துவிட்டேன்.

ஒன்று: கெர்னல் சென்சாரைத் தட்டிப் பார்க்கும், பதில் வராவிட்டால் கொஞ்சம் நின்று மறுபடி தட்டும். இப்படிச் சில முறை. எட்டு நொடி ஒன்பதாகவில்லை.

இரண்டு: அப்படியும் பதில் இல்லையென்றால், மேலே இருக்கும் புரோகிராமைக் கேட்காமல் கெர்னலே நேராகத் திரையில் கோடு போட்டு அலாரத்தை அடித்துவிடும். மேல்தட்டு தீபனுடையது. கீழ்த்தட்டு என்னுடையது.

திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. தீபனின் அறை வாசலில் நின்று, செய்ததை முழுதாகச் சொன்னேன். அவர் காதில் போனை வைத்துக்கொண்டு, "ஓகேங்க, ஓகேங்க, பண்ணீருங்க," என்றார். என்னிடம் சொன்னாரா போனிடம் சொன்னாரா என்று துருவுவது என் வேலையில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஜெரால்டிடம் சொல்லவில்லை. அவருடைய கெப்பாசிட்டர் அப்படியே இருக்கட்டும். சாப்ட்வேரில் சரிசெய்வது மலிவு. வேறு காரணம் எதுவும் இல்லை.

கையோடு கொஞ்சம் துடைத்துப் பெருக்கவும் செய்தேன். சென்சாரைப் பார்த்துக்கொள்ளும் பகுதியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு சிப்புகளின் பெயர் இருந்தது. எங்கள் போர்டில் இருப்பது ஒன்று. மற்ற ஐந்தையும் எடுத்தேன். நேரம் ஒன்றும் மிச்சமாகவில்லை. பார்க்க அழகாக இருந்தது.

குழாய்க்கு நானே வாஷர் வாங்கி மாட்டினேன். முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது.

ஜூன் 18, புதன்

நாளைக்குக் கொண்டுபோகும் வார்மரைக் காலை முழுக்க அணைத்து அணைத்துப் போட்டேன். வெந்நீர், தண்ணீர், ஐஸ். ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. தீபன் எட்டிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

ஜெரால்ட் தன் மூலையில் தன்னுடைய பழைய போர்டை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார். அதில் இன்னும் வெட்டாத கெர்னல்தான் ஓடுகிறது. புதியதைப் போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு, "கை கால் இல்லாத புள்ள எனக்கு வேண்டாம் மேடம்," என்றார்.

மாலை நான் கிளம்பும்போது அவர் கிளம்பவில்லை.

"வண்டில ஆடும்லா, கேபிளெல்லாம் இழுத்துக் கட்டிட்டுப் போறேன். நீங்க போங்க. மழ வருது."

"குடை இருக்கு."

"குட இருந்தாலும் மழ வரும் மேடம்."

குடையை எடுத்துக்கொண்டேன். வந்துவிட்டேன்.

நாளை என்ன நடக்கும் என்று இப்போதே எழுதிவைக்கிறேன், நடந்த பிறகு எனக்கு முன்பே தெரியும் என்று பீற்றிக்கொள்ள முடியாதபடி. எட்டு நொடியில் எழும். சரியான எண்ணைக் காட்டும். தீபன் கைகுலுக்குவார். எல்லாப் பெருமையும் கெர்னலுக்குப் போகும், அதாவது யாருக்கும் போகாது. ஜெரால்ட் வேலையில் இருப்பார். நல்ல ஹார்டுவேர் ஆள் கிடைப்பது கஷ்டம், அதற்காகச் சொல்கிறேன்.

நீலப் பருத்திப் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

நடந்தது வேறு.

வேனைத் தீபனே ஓட்டினார், பின்னால் நானும் ஜெரால்டும். பதினோரு மணிக்கு ஈரோட்டில் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு. டாக்டர் சுகந்தி, பிரிவின் தலைவி, என் வயது இருக்கும், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். மெத்தையில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, வயிற்றில் சென்சாரை ஒட்டினோம். அடுத்த அறையில் நிஜக் குழந்தைகள் இருந்தார்கள். கண்ணாடி வழியே தெரிந்தது. ஒவ்வொன்றும் ஒரு கை நீளம்.

தீபன் ஆங்கிலத்தில் ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். பிறகு மெயினை அணைத்துப் போட்டார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். திரை எழுந்தது.

மூன்று கோடு.

அப்புறம் அலாரம். ஷெட்டில் கேட்டதைவிட இங்கே பத்து மடங்கு கேட்டது. சுவரெல்லாம் டைல்ஸ். அடுத்த அறையிலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்தார், சட்டையில் கோமளவல்லி என்று பெயர் இருந்தது. "எந்த பேபி? எந்த பேபி?" என்று நேராகப் போய்ப் பொம்மையின் நெஞ்சில் கை வைத்துவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்துங்க மேடம்," என்றார் தீபன். உதடு மட்டும் அசைந்தது. அவர் கை தானாகப் போய் மெயினை மறுபடி அணைத்துப் போட்டது. மறுபடி எழுந்தது, எட்டே நொடியில். மூன்று கோடு. அலாரம்.

"இது வந்து டாக்டர், சேஃப்டி ஃபீச்சருங்க," என்றார் தீபன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று ஐஸ் தண்ணீரில்கூட ஒழுங்காக இருந்த மெஷின். ஜெரால்டைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் டைல்ஸ் நிறத்தில் இருந்தது.

"மேடம்," என்றார் என் காதருகில், "நேத்து சாயங்காலம் சிப்ப மாத்திட்டேன்."

"என்னது?"

"அதே ஜாதி. கொஞ்சம் புதுசு. கரண்ட் வந்த உடனே முழிச்சிரும். உங்க கெர்னலுக்குத் தொந்தரவு வேண்டாம்னுட்டு. என் போர்டுல போட்டுப் பாத்தேன், ஒழுங்கா ஓடிச்சு."

அவருடைய போர்டில் ஓடியது வெட்டாத கெர்னல். அதற்கு ஆறு சிப்பையும் தெரியும். என்னுடையதற்கு ஒன்றுதான் தெரியும். அந்த ஒன்றைத்தான் கழற்றியிருக்கிறார்.

"ஏன் சொல்லல?"

"நீங்க தீபன்கிட்ட சாப்ட்வேர்னு சொன்னீங்கன்னு தெரியும். கதவு தொறந்துதான இருந்துச்சு." அலாரம் கத்திக்கொண்டிருந்ததால் அவரும் கத்த வேண்டியிருந்தது. "அந்தப் பழி உங்க தலைல எதுக்குன்னு நானே சரி பண்ணிட்டேன்!"

கடைசி வார்த்தையின்போது டாக்டர் சுகந்தி பின்பக்க ஸ்விட்சை அணைத்துவிட்டார். "சரி பண்ணிட்டேன்" என்பது அமைதியில் கணீரென்று விழுந்தது.

"எது சரியாச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

தீபன் வாயைத் திறந்தார். அதற்கு முன்னால் நான் பேசிவிட்டேன். பேசத் திட்டமிட்டிருக்கவில்லை.

"உள்ள இருக்கிற சென்சார் சிப் நேத்து மாறியிருக்கு, டாக்டர். எங்க ரெண்டு பேர் தப்பு. மெஷினுக்கு அந்தச் சிப்பைத் தெரியாது. தெரியாததனால கோடு போட்டுக் கத்துது. பேபியோட டெம்பரேச்சர் தெரியலைன்னா அது என்ன செய்யணுமோ அதைத்தான் செஞ்சுது."

"தெரியலைன்னா பழைய மாடல் என்ன செய்யும்?"

எங்கள் பழைய மாடல்களில் ஒன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் தீபனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"கடைசியா தெரிஞ்ச நம்பரைக் காட்டிட்டே இருக்கும்," என்றேன். "அணைச்சு, பத்து வரைக்கும் எண்ணிட்டு மறுபடி போட்டா ஒழுங்காயிடும். ஆனா அது பொய்னு உங்களுக்குத் தெரியணும் முதல்ல."

கோமளவல்லி சிஸ்டர், "ஓ, அதானுங்களா," என்றார் டாக்டரிடம். "போன மாசம் மூணாம் நம்பர் வார்மர்ல சொன்னனே மேடம். திரைல நல்லா இருந்துச்சு, பேபி ஜில்லுனு இருந்துச்சு. நீங்ககூட நான் ஒழுங்கா பாக்கலைன்னீங்க."

டாக்டர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "ஆமா, சொன்னேன்," என்றார். தாழ்ந்த குரலில். "அந்தப் பேபி நல்லா இருக்குதுல்ல?"

"வீட்டுக்கே போயிட்டானுங்க மேடம்."

போன மாதம் என்றால் என் கத்திரிக்கு முன்னால். வெட்டிப் பேச்சு இருந்தபோதே வந்திருக்கிறது. எத்தனை முறை என்று யாருக்கும் தெரியாது.

டாக்டர் எங்களிடம் திரும்பினார். "ஓடாத மிஷினுக்கு நான் ஆர்டர் தர முடியாது. அடுத்த வாரம் ஒழுங்கா கொண்டு வாங்க. இந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துடாதீங்க. எடுத்தா வராதீங்க." தீபனைப் பார்த்து, "இங்க இருக்கிற உங்க பழைய மிஷின் எல்லாத்துக்கும் இதையே போட்டுக் குடுக்கணும். அதுக்கு முன்னால ஆர்டர் பேச்சே இல்ல. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எல்லா ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணிச் சொல்லிடுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"நாங்களே சொல்லீர்றமுங்க," என்றார் தீபன்.

திரும்பும் வழியில், பெருந்துறைக்கு முன்னால் ஒரு டீக்கடையில் தீபன் நிறுத்தி, முன்னால் இறங்கி, போனும் கையுமாக நடக்க ஆரம்பித்தார். முதல் மருத்துவமனையிடம் என்ன சொல்கிறார் என்று காதுகொடுத்துக் கேட்டேன். சுற்றி வளைக்காமல்தான் சொன்னார்.

பின் இருக்கையில் நான் லேப்டாப்பைத் திறந்தேன். எடுத்த ஐந்து பெயரையும் திருப்பி எழுதினேன். ஜெரால்ட் வார்மரின் மூடியைக் கழற்றி, போர்டை மடியில் வைத்து, வேனின் பேட்டரியிலிருந்து வயர் இழுத்தார்.

"பதினோரு வருஷத்துல," என்றார், வயரைப் பார்த்துக்கொண்டே, "ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்லா, இது உங்க கெப்பாசிட்டரான்னு."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"இல்லன்னுதான் சொல்லிருப்பேன்."

"அதான்."

"அதுக்கப்புறம் வீட்டுக்குப் போயி யோசிச்சிருப்பேன் மேடம்."

வெட்டிய கெர்னலில் ஒரு நன்மை, சீக்கிரம் தயாராகிவிடும். போர்டில் ஏற்றினேன். சென்சாரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு ஜெரால்ட் தலையசைத்தார். ஸ்விட்சைப் போட்டேன். எட்டு நொடி.

33.1. பிறகு 33.2.

"தண்ணில போட்டுப் பாப்பமா?" என்றேன்.

"தண்ணிக்கு எங்க போக? இந்தாங்க, பிடிங்க."

நீட்டினார். அவர் விரல் பட்ட சூடு சென்சாரில் இன்னும் இருந்தது. பிடித்தேன். 33.6. 34.1. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். 34.7.

தீபன் மூன்று டீ கிளாஸோடு கதவைத் திறந்தார். திரையைப் பார்த்தார். "ஏனுங் மேடம், இது ஏறிட்டே போகுது? இன்னும் ஏதாவது தப்புங்களா?"

"இல்ல," என்றேன். "சரியாத்தான் காட்டுது."